247 எழுத்தும் இப்போது வேண்டாம், ‘படம்’ போதும்: வீட்டிலேயே பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க

எதிர்வீட்டுப் பையன் ஐந்தரை வயதில் அ முதல் ஃ வரைக்கும், க் முதல் ன் வரைக்கும் ராகம் போட்டு ஒப்பிப்பான். சொந்தக்காரர்கள் வந்தால் சோபாவில் ஏற்றி நிற்கவைப்பார்கள், அவனும் ஓர் எழுத்து விடாமல் சொல்லி முடித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்குவான். ஒருநாள் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையில் ‘ஊ’வைத் தொட்டு இது என்னடா என்று கேட்டேன். விரலைக் கொண்டுபோய் அ-வில் வைத்து, அ ஆ இ ஈ உ என்று பாடிக்கொண்டே வந்து ‘ஊ’வில் நின்றான். சரி, ‘ம’ எங்கே என்றதும் க் ங் ச் என்று மறுபடி பாட்டு. நடுவில் நான் தும்மியதில் பாட்டு அறுந்துபோய், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தான். அவனுக்குத் தெரிந்தது பாட்டு மட்டும்தான்.

பிள்ளைக்கு முதன்முதலாக வாசிக்கச் சொல்லிக்கொடுக்க உட்காரும் அம்மா, அப்பா, அக்கா, பாட்டி, சித்தப்பா யாருக்கானாலும் இது உதவும் என்றுதான் எழுதுகிறேன். நான் பயிற்சி பெற்ற ஆசிரியை இல்லை. பகலில் செம்பனை எண்ணெய் மில்லில் எடைப்பாலத்துக் கணக்கு எழுதுகிறேன், சாயங்காலமானால் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு முன்வாசலில் ஆறேழு பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்தபிறகு தோட்டத்தைவிட்டு இந்தப் பக்கம் வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். எட்டு வருஷமாக இதைச் செய்கிறேன், அதில் முதல் இரண்டு வருஷம் நான் செய்ததெல்லாம் தப்பு என்று இப்போது தெரிகிறது.

தப்பு என்னவென்றால், எல்லா எழுத்தையும் முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு அப்புறம் சொல்லுக்குப் போகலாம் என்று நினைத்தது. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, மொத்தம் 247. இதை வரிசையாக முடிப்பதற்குள் பிள்ளைக்கு அலுத்துவிடும், நமக்கும்தான். தவிர, ‘ஙா ஙி ஙீ’ என்று மூன்று நாள் எழுதவைக்கிறோமே, அந்த எழுத்துகளைப் பிள்ளை எந்தப் புத்தகத்தில் பார்க்கப்போகிறது? அன்றாடத் தமிழில் ‘ங்’ வரும், மாங்காயிலும் தேங்காயிலும் வரும், மற்ற ங-வரிசை ஏறக்குறைய வரவே வராது. ‘ஞ’ வரிசையில் ஞாயிறு, ஞாபகம், மஞ்சள், பஞ்சு அளவுக்குத் தெரிந்தால் நிறைய நாள் ஓட்டலாம். ‘ஔ’வுக்கு ஔவையாரை விட்டால் வேறு ஆள் கிடைப்பது கஷ்டம். ஆகவே சுவரில் தொங்கும் அட்டை தொங்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது, பாடத்தை அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்: எழுத்தே வேண்டாம், காது மட்டும்

இது பலருக்குப் பிடிக்காது. பென்சில் எடுக்கவில்லையென்றால் படிக்கவில்லை என்று அர்த்தம் நம் ஊரில். ஆனால் ஒரு சொல்லுக்குள் தனித்தனி ஓசைகள் இருக்கின்றன என்பதே பிள்ளைக்குத் தெரியாது. அதற்கு ‘கதவு’ என்றால் திறந்து மூடுகிற சாமான், அவ்வளவுதான். அதை க-த-வு என்று உடைக்கலாம் என்று காதுக்குப் புரிந்தபிறகு எழுத்தைக் காட்டினால், கண் அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது விளையாட்டுத்தான். மோட்டாரில் முன்னால் உட்காரவைத்துக் கடைக்குப் போகும்போது, பசியாறும்போது, குளிக்கவைக்கும்போது செய்யலாம். சொல்லைக் கைதட்டி உடையுங்கள்: செம்-ப-னை மூன்று தட்டு, ரொட்-டி-சா-னாய் நான்கு தட்டு, ம-ரம் இரண்டு. பிள்ளையின் பெயர், தம்பி பெயர், பக்கத்து வீட்டு நாயின் பெயர், எதையும் விடவேண்டாம். இரண்டு மூன்று நாளில் தட்டு சரியாக விழ ஆரம்பிக்கும். அப்புறம், ‘ம’வில் ஆரம்பிக்கிற ஒன்று சொல்லு என்று கேளுங்கள். மரம் என்றாலும் மாடு என்றாலும் சரி என்று எடுத்துக்கொள்ளுங்கள், குறில் நெடில் பிரச்சினை பிறகு. அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது: ஓர் ஓசையை எடுத்துவிட்டு மிச்சம் என்ன என்று கேட்பது. ‘பகல்’ல ‘ப’ போயிட்டா? கல். ‘தகரம்’ல ‘த’ போயிட்டா? கரம். ‘கடல்’ல ‘க’ போயிட்டா? டல்! டல் என்று ஒன்றும் இல்லை என்பதற்காகவே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அந்த ‘டல்’லை வைத்து ஒரு வாரம் ஓட்டுவார்கள். ஓடட்டும்.

கூடவே தினமும் இரவு பத்து நிமிஷம் நீங்கள் வாசிக்க வேண்டும், பிள்ளை கேட்க வேண்டும். வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே வாசியுங்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் பிள்ளை வீட்டில் கேட்கிற தமிழ் ‘வந்துச்சு, போச்சு, சொல்லிட்டாங்க’. புத்தகத்தில் இருப்பது ‘வந்தது, போயிற்று, சொல்லிவிட்டார்கள்’. எழுத்தை எல்லாம் கற்றுக்கொண்டு ஒருநாள் ‘போயிற்று’ என்று சரியாக வாசித்துவிட்டு, அது என்ன ஊர்ப் பெயரா என்று பிள்ளை நம் முகத்தைப் பார்த்தால் அத்தனை பாடும் வீண். 1986-ல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனை, கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் என்று சொல்லவில்லை. ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். அதனால் புத்தகத் தமிழை முதலில் காது வழியாக உள்ளே விட்டுவிடுங்கள். ‘போயிற்று’ என்று வாசித்துவிட்டு, ‘போச்சு’ என்று பக்கத்திலேயே சொல்லிவிட்டால் போதும், பாடம் நடத்த வேண்டாம்.

பெயர் எழுதிய அட்டை

எழுத்து என்று முதலில் காட்டுவது பிள்ளையின் பெயராக இருக்கட்டும். மணிலா அட்டையில் பெரிதாக எழுதி அலமாரியிலோ கட்டில் பக்கத்திலோ ஒட்டிவிடுங்கள். இப்போதைய பெயர்களில் பாதிக்கு மேல் ஷ, ஸ், ஜ, ஹ இல்லாமல் இல்லை. பாடத்திட்டத்தில் அது கடைசியில்தானே வருகிறது என்று தயங்க வேண்டாம். தன் பெயரில் இருக்கிற ‘ஷ்’ஷை ஒரு ஹரிஷ் மறக்கவே மாட்டான். இந்த அட்டையைப் படிக்கச் சொல்லித் தொந்தரவு செய்யாதீர்கள், அது சும்மா அங்கே இருக்கட்டும்.

ப, ட, ம, ர

இனி நிஜமான வேலை. முதல் தொகுதிக்கு நான் எடுப்பது நான்கு எழுத்து, ப, ட, ம, ர. அவற்றோடு புள்ளி வைத்த ம், ட். ஏன் இவை என்றால், கோடு எளிது, எழுதவும் எளிது, அதைவிட முக்கியம், உடனே சொல் கிடைக்கிறது. படம், மரம், மடம், பட்டம், மட்டம், ரம்பம். படபட, மடமட. ஆறே எழுத்தில் எட்டுச் சொல்!

ஒரு நாள் பாடம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பால் டின் மூடி அளவுக்கு வெட்டிய அட்டைகள், ஒன்றில் ஓர் எழுத்து. ‘ப’வை வைத்து, இது ‘ப’ என்கிறேன். ‘பானா’ என்று சொல்வதில்லை, ‘ம்’மை ‘இம்மு’ என்றும் சொல்வதில்லை. அப்படிச் சொல்லிக்கொடுத்த பிள்ளை ‘படம்’ என்பதைப் ‘பானா டானா இம்மு’ என்று கூட்டி எங்கேயோ போய் நிற்கும். எழுத்து என்ன ஓசை தருமோ அதை மட்டும் சொல்லுங்கள், ‘ம்ம்ம்’ என்று உதட்டை மூடி. ‘ப’வுக்குப் பக்கத்தில் ‘ட’, சற்றுத் தள்ளி ‘ம்’. விரலால் தொட்டுக்கொண்டே ப… ட… ம்ம்ம். அட்டைகளை நெருக்கி வைத்து மறுபடி, கொஞ்சம் வேகமாக. மூன்றாவது முறை அட்டைகள் ஒட்டிக்கொள்ளும்போது பிள்ளை தானாகச் சொல்லும்: படம்! அந்த நேரத்தில் அதன் முகத்தைப் பாருங்கள், நான் எட்டு வருஷமாக இதைத் தொடர்வதற்குக் காரணமே அந்த முகம்தான். சொல்லாவிட்டால் நீங்களே சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள், நாளைக்கு வரும்.

அப்புறம் ‘ப’வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘ம’ வையுங்கள். மடம். நடுவில் ‘ட’வுக்குப் பதில் ‘ர’. மரம். ஒரே ஓர் அட்டை மாறினால் சொல்லே மாறுகிறது என்பதைப் பிள்ளையின் கையே செய்து பார்க்க வேண்டும். மொத்தம் பதினைந்து நிமிஷம். ஆசையாக இன்னும் கேட்டாலும் நிறுத்திவிடுங்கள், நாளைக்கும் அதே ஆசையோடு வந்து உட்காரும்.

தாடிகாவில் (பாலர் பள்ளியில்) ஏபிசி தெரிந்துகொண்டு வரும் பிள்ளைகள் ‘ட’வைப் பார்த்து ‘எல்’ என்பார்கள், ‘ப’வைப் பார்த்து ‘யூ’ என்பார்கள். நான் முதலில் அதட்டியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. அது கண் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். “ஆமாம், அங்கே அது எல், இங்கே இது ட” என்று சொல்லிவிட்டு மேலே போனால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

இந்த நான்கும் நன்றாக வந்தபிறகு க, த, வ, ல் சேர்த்தேன் என்றால் கல், பல், கடல், பகல், தகரம், பக்கம், கட்டடம் வந்துவிடும். புதுச் சொல்லில் புள்ளி வைத்த க், த், ப் வரும்போது, புள்ளி வந்தால் ஓசை நின்றுவிடும் என்று ஒருமுறை காட்டினால் போதும், தனிப் பாடம் வேண்டாம்.

துணைக்கால் போட்டதும் வாக்கியம்

அடுத்தது கா, பா, மா, தா, வா. துணைக்கால் வந்ததும் ஒரு கதவே திறந்த மாதிரி: பால், கால், வால், பாடம், காகம், மாமா, பாப்பா, தாத்தா. இங்கேயே வாக்கியம் போட்டுவிடுங்கள். “மாமா, வா.” “தாத்தா, பால் தா.” இரண்டாவது மாதத்தில் பிள்ளை ஒரு முழு வாக்கியத்தைத் தானாக வாசித்துவிட்டது என்றால் வீட்டில் இருக்கிற தாத்தா நிஜமாகவே எழுந்துபோய்ப் பால் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அது தாத்தாவின் கடமை. எழுத்துக்கு ஆளை நடக்கவைக்கிற சக்தி இருக்கிறது என்று இதைவிட எப்படிச் சொல்லிக்கொடுப்பது.

கி, டி, மி வந்தால் பாட்டி வந்துவிடுவார், ‘படி’ வரும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் வரும்: கித்தா மரம், அதாவது ரப்பர் மரம். கி, த், தா, ம, ர, ம், எல்லாம் ஏற்கெனவே தெரிந்த எழுத்து. எந்தப் பாடப்புத்தகத்திலும் அது முதல் பாடத்தில் இருக்காது, இந்தியாவிலிருந்து வரும் படப்புத்தகத்தில் இருக்கவே இருக்காது. ஆனால் பாட்டி அந்த மரத்தில் நாற்பது வருஷம் பால் வெட்டியவர், வீட்டில் தினமும் அந்தப் பேச்சு அடிபடும். ஒரு பிள்ளை அதை வாசித்துவிட்டு, “பாட்டி மரம்!” என்று ஓடிப்போய்ச் சொன்னது. வீட்டில் புழங்கும் சொல்லாகப் பார்த்து எடுங்கள். வாசித்ததும் பொருள் தானாக வந்து விழும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. துணைக்காலும் ‘ர’வும் பார்க்க ஒரே மாதிரி, ‘ர’வுக்குக் கீழே ஒரு சின்ன சாய்வுக்கோடு, அவ்வளவுதான் வித்தியாசம். போதாததற்குப் பல அச்சுகளில் ர், ரி என்று வரும்போது அந்தச் சாய்வுக்கோடும் காணாமல் போய்விடும். பிள்ளை ‘கார்’ என்பதைப் பார்த்துத் திணறினால் அதன் மேல் தப்பில்லை. உங்கள் கையெழுத்தில் ‘ர’வுக்கு வாலை நன்றாக இழுத்துப் போடுங்கள்.

கஷ்டமான மூன்று இடங்கள்

முதலாவது, உகரம். அகர வரிசையிலும் இகர வரிசையிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது, உகரத்தில் அது இல்லை. ஆனால் கூட்டமாகப் பிரித்தால் பயம் போய்விடும். பு, சு, யு, வு ஒரு கூட்டம், கோடு நேராகக் கீழே இறங்கும். து, நு, லு, று, னு, ணு ஒரு கூட்டம், வால் மேலே ஏறும். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம், சுழித்துக்கொண்டு போகும். ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம் மட்டும். மூன்றையும் ஒரே நாளில் காட்டாதீர்கள், நான் காட்டிப் பார்த்திருக்கிறேன், அழுகையில் முடிந்தது.

இரண்டாவது, கொம்பு. ‘கெ’யில் ஓசை க-வில் ஆரம்பிக்கிறது, ஆனால் கண் முதலில் பார்ப்பது கொம்பை. ‘கொ’வில் முன்னாலும் பின்னாலும் காவல் நிற்கிறது. பிள்ளைக்கு இது அநியாயமாகத்தான் படும். நான் செய்வது: முதலில் ‘க’ மட்டும் எழுதி வாசிக்கச் சொல்வேன், அப்புறம் பிள்ளை பார்க்கப் பார்க்க முன்னால் கொம்பு போடுவேன், “கொம்பு வந்து ஒட்டிக்கிச்சு, இப்ப ‘கெ’.” ஒற்றைக்கொம்பு குட்டையான ஓசை, இரட்டைக்கொம்பு நீளமான ஓசை. ஐஸ்கிரீம் டப்பாவின் ஒளிபுகும் மூடியை வெட்டி அதில் கொம்பை வரைந்துவிட்டால், எந்த எழுத்துக்கு முன்னாலும் பிள்ளையே நகர்த்தி வைத்துப் பார்க்கலாம். பெல், செடி, மேடை, தேன் என்று வரிசையாகப் போகலாம்.

மூன்றாவது, ஒரே எழுத்துக்குப் பல ஓசை. காகம் என்பதில் இருக்கும் இரண்டு க-வையும் சொல்லிப் பாருங்கள், ஒரே மாதிரி இல்லை. சட்டை, பச்சை, பஞ்சு மூன்றிலும் ச-வின் ஓசை வேறு வேறு. இதற்கு விதி இருக்கிறது: சொல்லின் முதலிலும் இரட்டித்து வரும்போதும் அழுத்தமாக, மெல்லின எழுத்துக்குப் பிறகு கனமாக, நடுவில் தனியாக வரும்போது மென்மையாக, ‘ச’ மட்டும் முதலில் வரும்போதே மென்மையாகிவிடும். இதைப் பிள்ளையிடம் சொல்லவே சொல்லாதீர்கள். அது தமிழ் பேசுகிற பிள்ளை, வாய்க்கு விதி ஏற்கெனவே தெரியும். ‘பந்து’ என்பதை ஒருமுறை அழுத்தி வாசித்துவிட்டு, இப்படி ஒரு சொல் கிடையாதே என்று தானே திருத்திக்கொள்ளும். வீட்டில் தமிழ் குறைவாகப் புழங்கும் பிள்ளைக்குத்தான் இங்கே நேரம் எடுக்கும், அதற்கு மருந்து பேச்சுத்தான்.

ல, ள, ழ, அப்புறம் ந, ன, ண சண்டை வாசிப்பில் பெரிய தொல்லை தராது, எழுதும்போதுதான் வரும். கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு மட்டும் ஒன்று: ட-வுக்கு முன்னால் ண் (வண்டி), த-வுக்கு முன்னால் ந் (பந்து), ற-வுக்கு முன்னால் ன் (கன்று). டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பழைய வாத்தியார்கள் சொன்னதன் அர்த்தம் இதுதான், எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது.

மீனும் மீனுவும்

‘மீன்’ என்று எழுதியிருப்பதைப் பிள்ளை ‘மீனு’ என்று வாசிக்கும், ‘பால்’ என்பதைப் ‘பாலு’ என்று. அது தப்பான வாசிப்பு இல்லை, பொருள் புரிந்து வாசித்திருக்கிறது என்பதற்கு ஆதாரம். “வீட்டுல மீனு, புத்தகத்துல மீன்” என்று சொல்லிவிடுங்கள். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்றால் அந்த இடத்திலேயே நிறுத்தி நாக்கை மடிக்கச் சொல்லிப் பத்துமுறை சொல்லவைக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அன்று அந்தப் பிள்ளை வாசித்த கதை அங்கேயே செத்துப்போகும். ழகரத்தைத் தனியாக ஒரு விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம், வாசிப்பின் நடுவே வேண்டாம்.

பாட்டியின் கையெழுத்து

ஒருமுறை ஒரு சிறுமி இரண்டு வாரமாக ‘லை’, ‘னை’ இரண்டிலும் தடுமாறிக்கொண்டே இருந்தாள். முந்தின நாள் நன்றாக வாசித்திருப்பாள், மறுநாள் அதே எழுத்து புதிதாகத் தெரியும். கவனக்குறைவு என்று நினைத்து இரண்டு முறை கடுமையாகப் பேசிவிட்டேன். அப்புறம் அவள் வீட்டுக்குப் போனால், மத்தியானத்தில் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஆசையாக எழுதிக்கொடுத்திருக்கிறார், பழைய முறையில், யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்து போகும் லை, னை, ணை. தமிழ்நாட்டில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து அந்த வடிவங்கள் போயின, பிறகு இங்கேயும் மாறிவிட்டது. ணா, றா, னாவுக்கும் அதே கதைதான். பாட்டி அதற்கு முன்பே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், அவருக்கு அவர் கற்றதுதான் எழுத்து. அதட்டியதற்காகச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். பாட்டியிடம் எழுதுவதை எங்களிடம் விட்டுவிட்டுக் கதை சொல்வதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னோம், அவருக்கும் அது சந்தோஷம். உங்கள் வீட்டில் யார் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், எப்படி எழுதுகிறார்கள் என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

மலாயும் ஆங்கிலமும் கூடவே வருமே?

இதைக் கேட்காத அம்மா இல்லை. மூன்று மொழியும் ஒரே சமயத்தில் வந்தால் பிள்ளை குழம்பாதா என்று. நான் பார்த்தவரை, ஒன்றில் பிடிபட்ட வித்தை அடுத்ததற்கு உதவுகிறது. தாடிகாவில் மலாயை அசை அசையாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்: போ-லா, போலா, கூ-டா, கூடா. ப-ட-ம் என்று அட்டையை நெருக்குகிற அதே வேலைதான். ஒரே உட்காரலில் இரண்டு மொழியையும் கலக்காதீர்கள், அது போதும். தமிழ் ராத்திரி என்றால் மலாய் காலையில் இருக்கட்டும்.

எனக்கு இதில் வருத்தம் ஒன்றே ஒன்று. குடும்ப வாட்ஸ்அப்பில் நாம் எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறோம். பிள்ளை கண்முன்னால் பெரியவர்கள் யாருமே தமிழ் எழுத்தில் ஒரு வரிகூட எழுதுவதில்லை, படிப்பதில்லை, அப்புறம் அதை மட்டும் உட்கார்ந்து படி என்றால் எப்படி. எங்கள் தாத்தா வேலை முடிந்து வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து தமிழ் நேசனை விரிப்பார். 1924-ல் தொடங்கிய பத்திரிகை, 2019-ல் நின்றுபோனது. அவர் அந்தத் தாளுக்குப் பின்னால் என்னதான் பார்க்கிறார் என்ற பொறாமையில்தான் நான் வாசிக்கக் கற்றேன். இப்போதும் தமிழ்ப் பத்திரிகைகள் வருகின்றன, ஒன்று வாங்கி மேசையில் போடுங்கள். படித்து முடித்ததைப் பிள்ளையிடம் கொடுத்து, தலைப்புகளில் இருக்கும் ‘ம’வை எல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம்போடச் சொல்லுங்கள். அரைமணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

கடைத்தெருவுக்கும் கூட்டிப்போங்கள். கோயில் வளைவு, துணிக்கடைப் பலகை, பூக்கடை, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வடை விற்கிற அக்காவின் அட்டை. ஒரு பயணத்துக்கு ஒரு பலகை போதும், அதிலும் தெரிந்த எழுத்தை மட்டும் கேளுங்கள். ‘கூட்டுறவுச் சங்கம்’ பலகையை முதல் மாதத்திலேயே வாசிக்கவைக்க முயன்ற ஓர் அப்பாவை எனக்குத் தெரியும்.

புத்தகம் நீங்களே செய்யுங்கள்

ஏறக்குறைய மூன்றாவது நான்காவது மாதத்தில், உதிரிச் சொல்லும் குட்டி வாக்கியமும் வர ஆரம்பித்ததும் புத்தகம் வேண்டும். கடையில் கிடைப்பவை பலவும் இந்த நிலைக்குக் கனம், படம் அழகாக இருக்கும், கீழே நான்கு வரி நெருக்கமாக இருக்கும். நான் ஏ4 தாள் நான்கை நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்துவிடுவேன். பிள்ளை சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், படம் அது வரையும். ஒரு பையன் சொன்ன கதை இது: “தாத்தா காடு போனார். பழம் வெட்டினார். பாம்பு வந்தது. தாத்தா ஓடினார். பாம்பும் ஓடியது.” பக்கத்துக்கு ஒரு வரி, ஐந்து பக்கம். ‘ஓ’வும் ‘போ’வும் அவனுக்கு இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை, இருந்தாலும் தன் கதை என்பதால் தடையில்லாமல் வாசித்தான். மனப்பாடமாகச் சொல்கிறானே என்று சந்தேகம் வரும். நடுப்பக்கத்தைத் திடீரென்று திறந்து, “இதில் ‘பாம்பு’ எங்கே?” என்று கேளுங்கள். விரல் சரியாகப் போனால் கவலை இல்லை.

எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வாசிப்பு முன்னால் போகட்டும், எழுத்து பின்னால் வரட்டும். தட்டில் மணலோ அரிசியோ பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள், எங்கள் பாட்டி காலத்து வித்தை, இன்னும் அதற்கு ஈடில்லை. இரட்டைக்கோட்டு நோட்டில் ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதவைக்காதீர்கள், ஏழாவது வரியில் ‘அ’ வேறு ஏதோ பிராணியாக மாறியிருக்கும்.

எப்போது கவலைப்பட வேண்டும்

பிள்ளைக்குப் பிள்ளை வேகம் மாறும். அண்ணன் மூன்று மாதத்தில் வாசித்தான் என்பதைத் தம்பியிடம் சொல்லாதீர்கள். ஆனால் ஐந்தாறு மாதம் தினமும் செய்தும் ப, ட, ம மூன்றும் கூட ஒட்டாமல் இருந்தால், நேற்றுத் தெரிந்தது இன்று சுத்தமாகப் போய்விடுகிறது என்றால், கைதட்டி உடைப்பதே பிடிபடவில்லை என்றால், முதலில் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள், அரசாங்கக் கிளினிக்கில் கேட்டாலே எங்கே போகவேண்டும் என்று சொல்வார்கள். புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் பிடிப்பது, கூப்பிட்டால் திரும்பாதது, டிவியைச் சத்தமாக வைப்பது எல்லாம் கவனிக்க வேண்டியவை. இரண்டும் சரி என்றால் டிஸ்லெக்சியா (வாசிப்பதில் வரும் சிரமம்) போன்ற ஒன்றாக இருக்கலாம், அதைச் சோதித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பள்ளி ஆசிரியரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். அதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. சோம்பேறி, மக்கு என்ற இரண்டு சொல்லும் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது, மாமா வாயிலிருந்தும்தான்.

கடைசியாக ஒன்று, விடுமுறையைப் பற்றி. தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால் பாதி எழுத்து மறந்திருக்கும், கொம்பு எல்லாம் போய்விட்டிருக்கும். பதற வேண்டாம், திட்டவும் வேண்டாம், எங்கே விட்டோமோ அங்கேயிருந்து தொடங்கவும் வேண்டாம். அட்டை டப்பாவின் அடியில் கிடக்கும் ப, ட, ம்-ஐ எடுத்துப் போடுங்கள். முதல் நாளில் ‘படம்’, இரண்டாம் நாளில் கித்தா மரம். ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும், முறுக்கு டின் காலியாவதற்குள்.